ஒன்பது மணிக்கு வெடி

ரப்பர் ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால்
குமிழி தெரியும், புள்ளி தெரியும்,
எந்தப் புகைப்புரையில் விறகு ஈரமாக இருந்தது
என்பதும் தெரியும்.
நாலாம் தரமா ஐந்தாம் தரமா என்று
தக்கலையில் என்னிடம்தான் கேட்பார்கள்.
மனிதர்களை அப்படிப் பிடித்துப் பார்க்க
எனக்கு வராது.

பெயர் டெல்வின். வயது முப்பத்தாறு.
கிட்டங்கிக்கு மேலே ஓர் அறை, ஒரு ஸ்டவ்,
ஒரே நிறத்தில் ஆறு சட்டை.
அம்மா போன மாதம்
அக்கா மஸ்கட்டிலிருந்து வந்தாள்.
"நல்ல ஹோம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன் மக்களே."
சாவி யார் கையில் இருக்கும் என்று கேட்டேன்.
அவள் சூட்கேஸை மூடினாள்.

அந்த வருஷக் கொடியேற்றில்
சொல்லாமல் கொள்ளாமல் வெடித்தது.
பஸ் ஸ்டாண்டில்
நாகர்கோவில் வண்டிக்கும் குலசேகரம் வண்டிக்கும் நடுவே
காதைப் பொத்திக்கொண்டு உருண்டேன்.
"குடிச்சிட்டுக் கெடக்கான்."
ஒருவர் சோடா ஊற்றினார்.
ஒருவர் செல்போனில் எடுத்தார்.
குடை ரிப்பேர் நூகு கண்ணு மட்டும்
ஒரு கறுப்புக் குடையை விரித்து
என் தலைமாட்டில் வைத்துவிட்டு
முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.
குடைக்குள் இருந்த இருட்டு
எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுநாள் குடைக்கு விலை கேட்டுப் போனேன்.
"வெல கெடக்கட்டு.
இனி இப்பிடி வந்தா நாங்க என்ன செய்யணும்?
எழுதித் தா டேய்."

பன்னிரண்டு வரி எழுதினேன்.
தொடாதீர்கள்.
என்ன வேண்டும் என்று ஒருவர் மட்டும் கேளுங்கள்.
பதில் வர நாற்பது எண்ணுங்கள்.
பாவம் என்று சொல்லியே ஆகவேண்டுமானால்
ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுங்கள்.
இப்படியே மிச்சமும்.
ஜெராக்ஸ் கடை ஸ்டெல்லா ரீட்டா
காசு வாங்காமல் எட்டுப் பிரதி எடுத்தாள்.
ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.
எனக்குப் பிடிக்கவில்லை.
மூன்று நாள் கழித்துப் பிடித்தது.

ஆசிட்டில் பால் உறையவைத்துத் தேய்ந்த என் ரேகையை
ரேஷன் கடை மெஷின் நாலு தடவை மறுக்கும்.
அதனால் விலாசினி
வரிசை ஓய்ந்தபின் போன் செய்கிறாள்.
டென்சிங் என் சவாரிக்குப் பாட்டை நிறுத்துகிறார்.
பேங்கில் கொடுத்த தாள்
மேனேஜர் மாறியதும் காணாமல் போனது.
புதியவருக்கு இன்னும் கொடுக்கவில்லை.
அவருடைய சென்ட் ரொம்பப் பலமானது.

இரவு எட்டேகாலுக்கு
என் விளக்கை இரண்டு முறை அணைத்து எரிப்பேன்.
எதிர் மாடியில் ஸ்டெல்லா ரீட்டா ஒரு முறை.
அன்றன்றைக்கு அவ்வளவுதான் பேச்சு.

ஆடி மழையில் ஒரு நாள்
அவள் விளக்கு அசையவில்லை.
நாற்பது எண்ணினேன்.
மறுபடி நாற்பது.
இதற்கு என் தாளில் வரி இல்லை.
பன்னிரண்டும் எனக்காக எழுதியவை.

நூகு கண்ணுக்கு போன் போட்டுவிட்டு இறங்கினேன்.
குடைமேல் மழை சரளைக்கல் மாதிரி விழுந்தது.
குளிமுறியில் வழுக்கி விழுந்து கிடந்தாள்,
கணுக்கால் வீங்கி.
என்ன வேண்டும் என்று கேட்டேன்.
நாற்பது எண்ணத் தொடங்கினேன்.
ஆறிலேயே சொன்னாள்:
"கையக் குடு."

கொடுத்தேன்.
ஈரமாக, சூடாக, கனமாக இருந்தது.
நல்லதா கெட்டதா என்று
தரம் பிரிக்க நேரமில்லை.

ஆட்டோவில் வலி பொறுக்காமல்
பாட்டு போடச் சொன்னாள்.
டென்சிங் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
ஆஸ்பத்திரி வரை ஐந்து பாட்டு.
ஒரு காதை என் கையால் பொத்திக்கொண்டேன்.
மறு பக்கத்துக் கை அவளிடம் இருந்தது.

கட்டுப் பிரித்தபின்
அவளும் ஒரு தாள் எழுதினாள்.
முதல் வரி: பாட்டு வேண்டும்.
நூகு கண்ணு தன்னுடையதை இன்னும் எழுதவில்லை.
கேட்டால் மழையைப் பார்க்கிறார்.

இந்த வருஷம் கோவில் கமிட்டியிலிருந்து
துண்டுச்சீட்டு வந்தது, முத்திரை போட்டு.
கொடியேற்று, வெள்ளிக்கிழமை,
இரவு ஒன்பது முதல் ஒன்பதேகால் வரை வெடி.
எட்டு ஐம்பதுக்கே ஜன்னலை அடைத்து
அறைக்குள் குடையை விரித்து
அடியில் உட்கார்ந்தேன், கையில் கடிகாரம்.

ஒன்பது இருபத்திரண்டுக்கும் ஒன்று வெடித்தது.
நாளைக்குப் போய்ச் சொல்ல வேண்டும்.